டுராண்ட் வந்துவிட்டார், பந்தை யார் கொண்டுவருவது? ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் 2025–26 சீசன்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான என்பிஏவின் புதிய சீசன் 2025 அக்டோபர் 21-ஆம் தேதி தொடங்குகிறது. அன்றே, நடப்புச் சாம்பியனான ஓக்லஹோமா சிட்டி தண்டரை அதன் சொந்தக் களத்தில் சந்திக்கப்போகிறது ஹூஸ்டன் ராக்கெட்ஸ். இந்த ஹூஸ்டன் அணியைப் பற்றிக் கடந்த மூன்று மாதங்களில் முற்றிலும் எதிரெதிரான இரண்டு கணிப்புகள் வெளிவந்துள்ளன. ஜூலையில் நட்சத்திர வீரர் கெவின் டுராண்ட் வந்து சேர்ந்தபோது, கோப்பைக்குத் தண்டருடன் மோதக்கூடிய முதல் அணி இதுதான் என்றார்கள். செப்டம்பரில், களத்தில் அணியின் ஆட்டத்தை நடத்தும் ஃபிரெட் வான்வ்லீட்டின் முழங்கால் தசைநார் கிழிந்தது என்ற செய்தி வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். ஆட்டத்துக்குச் சராசரியாக 14 புள்ளிகள் எடுத்த 31 வயது வீரர் ஒருவர் இல்லாமற்போவது, 30,000 புள்ளிகளைக் கடந்த ஒருவரின் வருகையை எப்படி ஈடுகட்டிவிடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை காண, இந்த அணி எப்படிக் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இடித்துவிட்டுக் கட்டுதல் என்றால் என்ன?

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு என்பிஏவின் முறை சற்று விசித்திரமாகத் தோன்றும். இங்கே ஏலம் இல்லை. புதிய வீரர்கள் ஆண்டுக்கொருமுறை நடக்கும் 'டிராஃப்ட்' எனப்படும் தேர்வின் வழியே வருகிறார்கள். முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கு அதில் முன்னுரிமை உண்டு. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க, முதலிடங்கள் குலுக்கலில் முடிவாகின்றன. 2019 முதல், கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு ஆளுக்கு 14 விழுக்காடு. வரப்போகும் ஆண்டுகளின் தேர்வுரிமையைக்கூட ஓர் அணி இன்னோர் அணிக்குக் கைமாற்றலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பின்வருவது விளங்கும்.

2021 ஜனவரியில் தன் நட்சத்திரம் ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டன் புரூக்ளினுக்கு அனுப்பியது. பதிலுக்குப் பெற்றதில் பெரும்பகுதி வீரர்களல்ல, புரூக்ளினின் எதிர்காலத் தேர்வுரிமைகள். அதன்பின் வந்தவை வறண்ட ஆண்டுகள். 2020–21 சீசனில் 17 வெற்றி, அதில் தொடர்ச்சியாக 20 தோல்விகள் கொண்ட ஒரு நீண்ட இருள். அடுத்த ஆண்டு 20 வெற்றி. அதற்கடுத்த ஆண்டு 22. ஒரு முழு சீசனுக்கு 82 ஆட்டங்கள் என்பதோடு (2020–21-இல் மட்டும் 72) ஒப்பிட்டால் இந்த எண்களின் வறுமை புரியும். 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் ஹக்கீம் ஒலாஜுவானின் தலைமையில் அடுத்தடுத்துக் கோப்பை வென்ற நகரம் அது.

ஆனால் அந்தத் தோல்விகளின் விளைச்சல் வீணாகவில்லை. 2021-இல் இரண்டாவது தேர்வாக ஜேலன் கிரீனும் பதினாறாவதாகத் துருக்கியின் அல்பெரன் ஷெங்குனும் வந்தார்கள். 2022-இல் ஜபாரி ஸ்மித் ஜூனியரும் டாரி ஈசனும், 2023-இல் அமென் தாம்சனும், 2024-இல் ரீட் ஷெப்பர்டும் சேர்ந்தார்கள். ஷெப்பர்டைப் பெற்றுத்தந்த மூன்றாவது தேர்வு, ஹார்டனுக்கு ஈடாகப் புரூக்ளின் கொடுத்த உரிமை.

இளையவர்களைச் சேர்ப்பதோடு வேலை முடிந்துவிடாது. சேர்த்துக்கொண்டே தோற்றுக்கொண்டிருக்கும் அணிகள் பல உண்டு. 2023 கோடையில் பொது மேலாளர் ரஃபேல் ஸ்டோன் திசையை மாற்றினார். பாஸ்டனை 2022-இல் இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோன ஈமே உடோகா பயிற்சியாளரானார். வான்வ்லீட், டில்லன் புரூக்ஸ் என்ற இரு அனுபவசாலிகள் பெரும் சம்பளத்துக்கு எடுக்கப்பட்டார்கள். கொடுத்தது அதிகம் என்று அப்போது பலரும் முணுமுணுத்தார்கள். அடுத்த சீசனில் 41 வெற்றி. அதற்கடுத்த சீசனில் 52 வெற்றியோடு, என்பிஏவின் இரு பிரிவுகளுள் ஒன்றான மேற்குப் பிரிவில் இரண்டாமிடம்.

52 வெற்றி எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது?

அந்த இரண்டாமிட அணி, முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணி முன்னேறும் பிளே-ஆஃபின் முதல் சுற்றிலேயே ஏழாம் இடத்திலிருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸிடம் தோற்றது. 3–1 எனப் பின்தங்கியிருந்து ஏழாவது ஆட்டம்வரை இழுத்துப்போய், மே 4-ஆம் தேதி சொந்த மண்ணில் 103–89 என்று வீழ்ந்தது. அந்த 89 என்ற எண்ணை வைத்துக்கொண்டு நோயை ஆராயலாம்.

கூடைப்பந்தில் ஓர் அணிக்குப் புள்ளி எடுக்க மூன்று வழிகள் இருக்கின்றன.

1. எதிரணி தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்வதற்குள் ஓடிப்போய்ப் போடுவது. இது விரைவுத் தாக்குதல்.
2. தவறிய எறிவைத் தானே மீண்டும் பிடித்துப் போடுவது. இது தாக்குதல் ரீபவுண்ட்.
3. எதிரணியின் ஐவரும் தத்தம் இடத்தில் நிலைகொண்ட பிறகு, 24 விநாடிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, திட்டமிட்டு ஒரு வாய்ப்பை உருவாக்குவது. இதைப் பாதிக்களத் தாக்குதல் எனலாம்.

கடந்த சீசனில் ஹூஸ்டன் இரண்டாவது வழியில் என்பிஏவிலேயே முதலிடம். தற்காப்பிலும் முன்னணி அணிகளுள் ஒன்று. ஆனால் மூன்றாவது வழியில் சராசரிக்கும் கீழே கிடந்தது. 82 ஆட்டங்களின்போது, களைத்துப்போன எதிரணியை உடல்வலிமையால் நெரித்து வெல்ல முடியும். ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டங்கள் மோதும் பிளே-ஆஃபில் முதலிரண்டு வழிகளும் சுருங்கிவிடுகின்றன. எதிரணி பின்னோக்கி ஓடத் தயாராக இருக்கும்; ஒவ்வொரு ரீபவுண்டுக்கும் இரண்டு பேர் பாய்வார்கள். மிஞ்சுவது மூன்றாவது வழிதான்.

வாரியர்ஸ் தொடரில் திரும்பத் திரும்பக் காணக் கிடைத்த காட்சி இது. ஷெங்குன் கூடைக்கு முதுகு காட்டியபடி பந்தைக் கையில் வைத்திருக்கிறார். களத்தின் மூலையில் தாம்சன் தனியாக நிற்கிறார். அவரைக் காக்க வேண்டியவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூடைக்கு அடியில் வந்து குந்திக்கொள்கிறார். ஏனெனில் தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிவில் தாம்சனின் வெற்றிவிகிதம் 28 விழுக்காட்டுக்கும் குறைவு. ஷெங்குன் ஒருமுறை தோளால் இடிக்கிறார், இடமில்லை. இன்னொருமுறை சுழல்கிறார், அங்கேயும் ஒரு கை. கடிகாரத்தில் ஆறு விநாடி மிச்சமிருக்கையில் பந்து வெளியே கிரீனிடம் வருகிறது, அவர் நெருக்கடியில் எதையோ எறிகிறார். அந்தத் தொடரில் கிரீன் ஒரே ஆட்டத்தில் 38 புள்ளிகள் குவித்தும் ஏழு ஆட்டச் சராசரி 13.3-ஐத் தாண்டவில்லை என்பதே மற்ற ஆறு ஆட்டங்களைச் சொல்லிவிடுகிறது.

அந்த ஆறு விநாடிக்காகத்தான் டுராண்ட்

ஜூலை 6-ஆம் தேதி அதிகாரபூர்வமான அந்தக் கைமாற்றில் ஏழு அணிகள் பங்கேற்றன. இத்தனை அணிகள் ஒரே பரிமாற்றத்தில் இணைந்தது என்பிஏ வரலாற்றில் முதல்முறை. ஹூஸ்டனைப் பொறுத்தவரை சாரம் எளிமையானது. கிரீன், புரூக்ஸ், 2025-இன் பத்தாவது தேர்வு, ஐந்து இரண்டாம்சுற்றுத் தேர்வுகள் ஆகியவற்றைக் கொடுத்து ஃபீனிக்ஸ் சன்ஸிடமிருந்து டுராண்டைப் பெற்றது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பத்தாவது தேர்வு ஆதியில் ஃபீனிக்ஸுக்கே உரியது. டுராண்டை வாங்குவதற்காகப் புரூக்ளினுக்குக் கொடுத்து, அங்கிருந்து ஹூஸ்டனுக்குப் போய், டுராண்டை விற்றபோது வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது.

ஏறக்குறைய 211 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர், யார் கையை நீட்டினாலும் அதற்கு மேலிருந்து எறியக்கூடியவர் என்பதுதான் டுராண்டின் அடிப்படைப் பெறுமதி. திட்டம் குலைந்து, ஆறு விநாடி மட்டும் எஞ்சியிருக்கும்போதும் அவரிடம் பந்தைக் கொடுத்தால் அது நல்ல எறிவாகவே முடியும். கடந்த சீசனில் 62 ஆட்டங்களில் சராசரி 26.6 புள்ளி, எறிவுகளில் 52.7 விழுக்காடு வெற்றி, மூன்று புள்ளி எறிவில் 43 விழுக்காடு. மேலும், அவர் மூலையில் நின்றால் காவலர் அவரை விட்டுவிட்டுக் கூடைக்கு அடியில் போய்க் குந்த மாட்டார். ஷெங்குனுக்குக் கிடைக்கும் இடமே இரட்டிப்பாகும்.

அவருக்குப் பழகிய முகங்களும் அங்கே இருக்கின்றன. ஸ்டீவன் ஆடம்ஸ் ஓக்லஹோமாவில் அவருடன் ஆடியவர். 39 வயது ஜெஃப் கிரீன் 2007-இல் அவருடன் ஒரே நாளில் சியாட்டில் அணிக்கு வந்தவர். உடோகா புரூக்ளினில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆண்டு ஆடிய டுராண்டுக்கு அந்த மாநிலமும் புதிதன்று.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாக வைக்க வேண்டும். செப்டம்பர் 29 அன்று அவருக்கு 37 வயது நிறைந்தது. 2019 இறுதிச்சுற்றில் குதிகால் தசைநார் கிழிந்து ஒரு முழு சீசனை இழந்தவர். அதைவிட முக்கியமாக, டுராண்ட், டெவின் புக்கர், பிராட்லி பீல் ஆகிய மூவரையும் வைத்துக்கொண்டு ஃபீனிக்ஸ் கடந்த சீசனில் பெற்றது 36 வெற்றி, பிளே-ஆஃபுக்கே தகுதிபெறவில்லை. டுராண்ட் ஓர் அணியின் குறையை நிரப்புவார். அணியை அவர் உருவாக்கித்தர மாட்டார். ஹூஸ்டனுக்குத் தேவைப்பட்டதும் குறை நிரப்புபவர்தான் என்பதால் இந்தக் கைமாற்று சரியானது என்பது என் கணிப்பு. ஆனால் அந்தக் கணிப்பு ஒரு முன்நிபந்தனையின்மேல் நிற்கிறது: அவர் கைக்குப் பந்து நல்ல இடத்தில், நல்ல நேரத்தில் வந்துசேர வேண்டும்.

வான்வ்லீட் செய்துவந்த வேலை

பாயிண்ட் கார்டு என்பவர் பந்தைத் தட்டிக்கொண்டு எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டைக் கடந்து, யார் எங்கே ஓட வேண்டும் என்று சைகை காட்டி ஆட்டத்தைத் தொடக்கிவைப்பவர். இந்த வேலையின் தரம் புள்ளிப்பட்டியலில் தெரியாது. பந்தை எத்தனை முறை பறிகொடுக்கவில்லை என்பதில்தான் தெரியும். வான்வ்லீட் கடந்த சீசனில் ஆட்டத்துக்கு 5.6 முறை சக வீரருக்குப் புள்ளி எடுக்க உதவினார். பந்தை இழந்தது 1.5 முறை. வாரியர்ஸ் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 29 புள்ளிகள் எடுத்து அணியைத் தூக்கி நிறுத்தியவரும் அவரே. டுராண்டின் குதிகால் கிழிந்த அந்த 2019 இறுதிச்சுற்றில் எதிரணியான டொரான்டோவுக்கு ஆடிக் கோப்பை வென்றவர் என்பது ஒரு தற்செயல்.

செப்டம்பரில், பஹாமாஸில் அணியினர் தாங்களாகவே கூடிப் பயிற்சி செய்தபோது அவருடைய முழங்காலின் முன்பிணைப்புத் தசைநார் கிழிந்தது. இத்தகைய காயம் வழக்கமாக ஒரு முழு சீசனை விழுங்கிவிடும்.

இன்னொருவரை வாங்கிவிட வேண்டியதுதானே?

வாசகர்களை அதிகம் குழப்புவது இந்தக் கேள்விதான். என்பிஏவில் பணமிருந்தாலும் செலவழிக்க முடியாத நிலை ஒன்று உண்டு. 2025–26-க்கான வரம்புகள் ஏறக்குறைய இவை:

1. சம்பள உச்சவரம்பு 15.46 கோடி டாலர். இதைச் சில விதிவிலக்குகளின் வழியே தாண்டலாம்.
2. ஆடம்பர வரி தொடங்கும் கோடு 18.79 கோடி டாலர். இதைத் தாண்டினால் அணி உரிமையாளர் அபராத வரி கட்டுவார்.
3. முதல் 'ஏப்ரன்' எனப்படும் மேல்வரம்பு 19.59 கோடி டாலர். இதைத் தாண்டினால் அணியின் கைகள் கட்டப்படும். சில விதிவிலக்குகளை ஏற்கெனவே பயன்படுத்திய அணி இதை ஒரு டாலர்கூடத் தாண்ட முடியாது.
4. இரண்டாம் ஏப்ரன் 20.78 கோடி டாலர். இங்கே கட்டுகள் இன்னும் இறுகும்.

மூன்றாவது கோட்டில்தான் ஹூஸ்டன் சிக்கியிருக்கிறது. அது வந்த வழியைப் பார்க்க வேண்டும். வான்வ்லீட்டின் பழைய ஒப்பந்தப்படி இந்த சீசனுக்கு அவருக்கு ஏறக்குறைய 4.5 கோடி டாலர் கொடுத்திருக்க வேண்டும். அந்த ஆண்டை நீட்டிக்காமல் விட்டு, இரண்டாண்டுக்கு 5 கோடி என்று புதிதாகப் பேசி முடித்தார்கள். அதனால் மிச்சமான 2 கோடியளவு இடத்தில் டோரியன் ஃபின்னி-ஸ்மித், ஹூஸ்டனின் பழைய வீரரான கிளின்ட் கபேலா ஆகியோரைச் சேர்த்தார்கள். அவர்களைச் சேர்க்கப் பயன்படுத்திய வழிகள்தாம் முதல் ஏப்ரனை உடைக்க முடியாத கூரையாக்கிவிட்டன. இப்போது கூரைக்கும் ஹூஸ்டனின் சம்பளப் பட்டியலுக்கும் இடையே இருப்பது பத்து லட்சம் டாலருக்குச் சற்று மேல். அனுபவமுள்ள ஒருவரைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எடுக்கக்கூட அது போதாது.

ஜூலையில் இது குறைசொல்ல முடியாத கணக்கு. ஒருவரின் ஊதியக் குறைப்பால் இருவரைச் சேர்த்தார்கள். அந்த ஒருவரே போனபின் அவருடைய 2.5 கோடியும் கூரைக்குக் கீழேயே கணக்கில் கிடக்கிறது.

ஆக, பந்தைக் கொண்டுவரப்போவது யார்?

உள்ளிருந்தே ஈடுகட்ட உடோகாவுக்கு நான்கு வழிகள் தெரிகின்றன. நான்கும் ஒரே எடையுள்ளவை அல்ல.

1. அமென் தாம்சன். 22 வயது, கடந்த சீசனில் சிறந்த தற்காப்பு ஐவரில் இடம்பெற்றவர். பதின்வயதில் பாயிண்ட் கார்டாக ஆடிய பழக்கம் உண்டு. பந்து அவர் கையிலேயே இருந்தால், மூலையில் நிற்கும்போது அவரைக் கவனிக்காமல் விடும் சிக்கல் ஓரளவு தீரும். ஆனால் அவர் ஓட்டத்தில் வல்லவர். நின்று நிதானித்து ஆட்டத்தைப் பின்னுவதில் அந்த அளவுக்குச் சோதிக்கப்படாதவர். எதிரணிக் காவலர் இரண்டடி பின்வாங்கி நின்றுகொண்டு எறியச் சொன்னால் என்ன செய்வார் என்பதுதான் சோதனை.

2. ரீட் ஷெப்பர்ட். முதல் சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 13 நிமிடம்கூடக் களத்தில் இருக்கவில்லை. ஆனால் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்காக ஆடியபோது மூன்று புள்ளி எறிவில் 52 விழுக்காடு வென்றவர். உயரம் குறைவு என்பதால் தற்காப்பில் எதிரணி அவரைத் தேடித்தேடிக் குறிவைக்கும். 20 முதல் 25 நிமிடம்வரை அவரைக் களத்தில் வைத்திருக்க முடிந்தால், ஹூஸ்டனின் பாதிச் சிக்கல் தீர்ந்ததாகக் கொள்ளலாம். இந்த நால்வரில் என் நம்பிக்கை அதிகம் சாய்வது இவர் பக்கம்தான்.

3. ஷெங்குன். பந்தைக் கொண்டுவரும் வேலையை யாராவது செய்துவிட்டால், அதன்பின் ஆட்டத்தை இவர் வழியே நடத்தலாம். கூடைக்கு அருகில் ஆடும் சென்டராக இருந்தும் 4.9 உதவிகள் சராசரி. செப்டம்பரில் ஐரோப்பியக் கோப்பையில் துருக்கியை இறுதிவரை அழைத்துச் சென்று, ஜெர்மனியிடம் 88–83 என நூலிழையில் கோட்டைவிட்டவர். அந்தத் தொடரில் கண்ட ஷெங்குனே ஹூஸ்டனுக்கும் வருவாரென்றால், கவலையில் ஒரு பங்கு குறையும்.

4. டுராண்டே கொண்டுவருவது. இதைக் கடைசி வழியாக வைத்திருப்பதே நல்லது. கடந்த சீசனில் 4.2 உதவிக்கு 3.1 முறை பந்தை இழந்தார். முடித்துவைப்பதற்காக வாங்கிய 37 வயதுக்காரரை ஆட்டத்துக்கு ஐம்பது முறை முழுக்களமும் பந்தைத் தட்டிவரச் சொல்வது, அவரை வாங்கிய காரணத்தையே தோற்கடிப்பதாகும்.

இன்னொரு துணிச்சலும் இருக்கிறது. தாம்சன், டுராண்ட், ஜபாரி ஸ்மித், ஷெங்குன், ஆடம்ஸ் என்ற ஐவரைக் களமிறக்கினால், அவர்களில் ஒருவர்கூட 2 மீட்டருக்குக் குறைவில்லை. ஷெங்குனையும் ஆடம்ஸையும் ஒன்றாக ஆடவிட்டது கடந்த சீசனின் பிற்பகுதியில் நல்ல பலன் தந்தது. பத்து எறிவில் ஐந்து தவறினாலும் அதில் இரண்டை மீண்டும் கைப்பற்றலாம் என்ற கணக்கு அது. அப்படி மீட்டெடுத்தால் கடிகாரம் மீண்டும் 14 விநாடியிலிருந்து ஓடும். எதிரணியின் விதிமீறலுக்கு ஈடாகத் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ மட்டும் இந்த அமைப்பின் ஓட்டை. தாம்சனும் ஷெங்குனும் 70 விழுக்காட்டைத் தொடவில்லை. ஆடம்ஸ் பாதிகூடப் போடுவதில்லை. நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத்தில் எதிரணிகள் இதை மறக்கப்போவதில்லை.

மேற்கில் இடம் குறைவு

கடந்த சீசனில் மேற்குப் பிரிவில் இரண்டாமிடத்து ஹூஸ்டனுக்கும் எட்டாமிடத்து மெம்ஃபிஸுக்கும் இடையே இருந்தது நான்கே வெற்றி. முதல் ஆறு இடங்கள் நேராகப் பிளே-ஆஃபுக்குப் போகும். ஏழு முதல் பத்துவரை தகுதிச் சுற்றில் முட்டிமோதும். ஆகவே ஒரு மாதம் தடுமாறினாலும் இரண்டாமிடம் ஏழாமிடமாகிவிடும். 68 வெற்றியுடன் கோப்பை வென்ற தண்டர் அப்படியே இருக்கிறது. டென்வர் தன் மாற்று ஆட்டக்காரர் வரிசையைப் பலப்படுத்தியிருக்கிறது. லேக்கர்ஸிடம் லூகா டோன்சிச் முழு சீசனும் இருப்பார்.

தற்காப்பும் ரீபவுண்டும் பாயிண்ட் கார்டை நம்பியவை அல்ல என்பதால், ஹூஸ்டன் 50 வெற்றிக்கு அருகில் வந்து நிற்கும் என்றே எதிர்பார்க்கிறேன். ஃபின்னி-ஸ்மித் கணுக்கால் அறுவைசிகிச்சையிலிருந்து மீண்டுவருவதால் தொடக்க வாரங்கள் கரடுமுரடாக இருக்கலாம். பிளே-ஆஃபில் ஒரு சுற்று தாண்டுவது நியாயமான எதிர்பார்ப்பு. தண்டரை ஏழு ஆட்டங்களில் நான்கு முறை வெல்வது என்பது ஷெப்பர்டோ தாம்சனோ ஏப்ரலுக்குள் வேறோர் ஆட்டக்காரராக மாறினால் மட்டுமே பேசத்தக்கது.

நடுவில் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவரும் கதவு முற்றிலும் மூடிவிடவில்லை. கைமாற்றுகளுக்கான கடைசி நாள் 2026 பிப்ரவரி 5. 2027-இல் ஃபீனிக்ஸின் முதல்சுற்றுத் தேர்வு ஹூஸ்டனிடமே இருக்கிறது; கொடுக்கல் வாங்கலில் அதற்கு நல்ல மதிப்புண்டு. கூரையை உடைக்காமல் ஒரு நல்ல பாயிண்ட் கார்டைப் பெற, அவருடைய சம்பளத்துக்கு ஈடான சம்பளத்தை வெளியே அனுப்ப வேண்டும். இளையவர்களைத் தொடாமல் அனுப்பக்கூடிய அளவில் இருப்பது வான்வ்லீட்டின் 2.5 கோடி. ஆனால் ஓராண்டும் அடுத்த ஆண்டுக்கு அவர் விருப்பமும் என்ற வடிவில் அந்த ஒப்பந்தம் எழுதப்பட்டிருப்பதால், விதிப்படி அவர் சம்மதமில்லாமல் அவரை எங்கும் அனுப்ப முடியாது. பிப்ரவரியில் ஸ்டோன் யாரிடம் தொலைபேசியில் பேசினாலும், முதல் அழைப்பு முழங்காலுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருக்கும் அவருக்குத்தான் போக வேண்டியிருக்கும்.